மஜ்லிஸில் அதபு



நமது சங்கக் கூட்டங்களில் பேசுவதற்கும் நடந்துகொள்வதற்கும் ஓர் ஒழுங்குமுறை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிர்வாக சபையில் பிரஸ்தாபம் வந்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதைப்பற்றி மார்க்கத்தின் முகமாக நாலு வார்த்தை எழுதும்படி காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் ஆலிம் அல்லோம். மதரஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளியில் படித்ததும், பிறகு கடையில் தராசு பிடித்துக் கற்றதும்தான் நமது கல்வி. ஆகவே ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்கு எடுத்துச் சொல்வதாக இதைக் கொள்ளுங்கள்.

பிரஸ்தாபத்தைக் குறித்து இரண்டு வகையான பேச்சு காதில் விழுகிறது. ஒரு சாரார், "நாமெல்லாம் ஐந்து வேளை தொழுகிறவர்கள், அண்ணன் தம்பிகளாகப் பழகுகிறோம், நமக்குள் எதற்குச் சட்டம்?" என்கிறார்கள். மற்றொரு சாரார், "சட்டம் வேண்டியதுதான்; இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று கேள்வி கேட்கிறார்கள், அவர்கள் வாயை அடைக்கவேண்டும்" என்கிறார்கள். இரண்டும் சரியல்ல என்பதே நமது எண்ணம். ஏன் சரியல்ல என்பதைச் சொல்லுமுன், இந்த விவகாரம் நமக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

நெகிரி செம்பிலானில் நாம் பெருங்கூட்டமல்ல. சிரம்பானை விட்டுப் புறப்பட்டால் லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, அந்தப் பக்கம் பகாவ், கெமாஸ் என்று தோட்டங்களை அடுத்த சிறு பட்டணங்களில் ஊருக்கு நாலு கடை, ஐந்து கடை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்து, லயத்துச் சனங்கள் பட்டணம் நோக்கிப் போனபின் அந்தக் கடைகளிலும் சில மூடிக் கிடக்கின்றன. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒருவர் மனம் நொந்து ஒரு ஜமாஅத்தை விட்டு விலகினால் அடுத்த தெருவில் இன்னொரு பள்ளிவாசல் இருக்கிறது. இங்கே ஒருவர் விலகினால் அவர் போவதற்கு வேறு இடமில்லை. நமக்கும் அவரை ஈடு செய்ய வேறு ஆளில்லை. மதரஸாவில் அவர் பேரப்பிள்ளைகளின் இடம் காலியாகும். மாதச் சந்தாவில் ஒரு தொகை குறையும். ஒரு மையித்து விழுந்தால் சந்தூக்கைச் சுமக்கும் தோள்களில் ஒன்று இல்லாமற் போகும். வாயிலிருந்து விழும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை கொடுக்கும் நிலைமையில் நாம் இருக்கிறோம்.

இனி முதற் சாராரின் பேச்சை எடுத்துக்கொள்வோம். தொழுகிறவர்களுக்கு எதற்குச் சட்டம் என்கிறார்கள். சகோதரர்களே, ஸஹாபாக்களைவிட நாம் தொழுது தீர்த்துவிட்டோமா? திருக்குர்ஆன் ஷரீபில் 49-வது ஸூரா ஹுஜுராத். மொத்தம் 18 ஆயத்துகள்தாம். சபையில் எப்படிப் பேசுவது, வந்த செய்தியை எப்படி விசாரிப்பது, சண்டையிட்ட இரு கூட்டத்தாரை எப்படிச் சமாதானம் செய்வது, பரிகாசம், பட்டப்பெயர், வீண் சந்தேகம், துருவிப் பார்த்தல், புறம் பேசுதல் எல்லாவற்றுக்கும் அதிலே கட்டளை இருக்கிறது. அது யாருக்காக இறங்கியது? ஈமான் கொண்டவர்களே என்றுதான் மறுபடி மறுபடி அழைக்கிறது. காபிர்களை நோக்கியல்ல.

அந்த ஸூராவின் ஆரம்ப ஆயத்துகள் இறங்கிய சந்தர்ப்பத்தை ஹதீஸ் ஷரீபில் காணலாம். பனூ தமீம் கூட்டத்தார் மதீனாவுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக யாரை நியமிப்பது என்ற பேச்சு எழுந்தது. ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் ஒருவர் பெயரைச் சொன்னார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வேறொருவர் பெயரைச் சொன்னார்கள். எனக்கு மாறு சொல்வதற்காகவே நீர் சொல்கிறீர் என்று ஒருவர். அப்படியில்லை என்று மற்றவர். குரல் உயர்ந்துவிட்டது, அதுவும் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்தில். சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற இருவருக்கே ஒரு நியமன விஷயத்தில் குரல் உயர்ந்தது என்றால், மதரஸாவுக்கு எந்த உஸ்தாதை வைப்பது, கந்தூரிக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற விஷயங்களில் நமக்கு உயராதா? ஆனால் அதற்கப்பால் நடந்ததைக் கவனியுங்கள். கட்டளை இறங்கிய பிறகு உமர் (ரலி) அவர்கள், திரும்பச் சொல்லும் என்று கேட்கவேண்டிய அளவுக்குத் தாழ்ந்த குரலில் பேசலானார்கள். பெரியவர்தாம் முதலில் குரலைத் தாழ்த்தினார்.

இதே கட்டளையின் தொடர்ச்சியாக இன்னொரு விஷயம் உண்டு. நமது பிரஸ்தாபத்துக்கு அதுவே முக்கியம். தாபித் இப்னு கைஸ் (ரலி) என்று ஒரு ஸஹாபி. அன்ஸாரிகளின் பிரசங்கி. இயற்கையிலேயே கனத்த குரல். ஆயத்து இறங்கியதும் அவர் வீட்டுக்குள் போய்த் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். என் குரல்தானே எல்லாக் குரலுக்கும் மேலாக ஒலிக்கிறது, என் அமல்களெல்லாம் பாழாய்விட்டன, நான் நரகவாதி என்று அழுதார். நாயகம் (ஸல்) அவர்கள் சபையிலே அவரைக் காணாமல் எங்கே என்று விசாரித்தார்கள். ஒருவர் போய்ப் பார்த்து வந்து நிலைமையைச் சொன்னார். அவரிடம் திரும்பிப் போய், நீர் நரகவாதியல்ல, சுவர்க்கவாதி என்று சொல்லும்படி ஆள் அனுப்பினார்கள். பின்னாளில் அவர் யமாமா யுத்தத்தில் ஷஹீதானார்.

சட்டம் போட்டவுடன் முதலில் பயந்து ஒதுங்குகிறவன் குற்றவாளியல்ல, மனச்சாட்சி உள்ளவன். குற்றவாளி முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பான். ஆகவே ஒழுங்குமுறை எழுதுகிறவர்கள் இரண்டு காரியத்தை மறக்கலாகாது. கனத்த குரல் வேறு, அவமதிக்கும் குரல் வேறு. லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கும்போது கூவிக் கூவித் தொண்டை தடித்துப்போன சகோதரர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்கள் ஸலாம் சொன்னாலே சண்டை போடுகிறார்களோ என்று தோன்றும். அவர்கள் மீது சட்டம் பாயக்கூடாது. மற்றது, கூட்டத்துக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஓர் ஆள் இருக்கவேண்டும். வருகைப் பதிவேட்டில் வராதவர் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டுப் போவது நிர்வாகமாகாது.

பட்டப்பெயரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நம் சனங்களுக்கு அது பரம்பரைச் சொத்து. ராம்நாட்டுப் பக்கமோ, தஞ்சைப் பக்கமோ, கடையநல்லூர்ப் பக்கமோ, எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்த குடும்பமானாலும் வீட்டுக்கு ஒரு பட்டம் கூடவே வந்திருக்கிறது. பாட்டனார் கால் ஊனம் பேரன் தலைமுறைவரை பெயராக நிற்கிறது. மதீனாவிலும் அப்படித்தான் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அங்கே வந்தபோது பனூ ஸலிமாவாரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தனவாம். ஒருவரை அப்படியொரு பெயரால் அழைத்தபோது, அந்தப் பெயர் அவருக்குக் கோபமூட்டும் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். பட்டப்பெயரைத் தடுக்கும் ஆயத்து அந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கியது என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் எல்லாப் பட்டமும் ஹராமா என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களுக்கு அபூ துராப், அதாவது மண்ணின் தந்தை, என்ற பெயர்தான் மிகவும் பிரியமானது. நாயகம் (ஸல்) அவர்கள் வைத்த பெயராயிற்றே. ஹதீஸ் அறிவிப்பாளர்களில் ஒரு பெரியாரை அல்-அஃரஜ், அதாவது நொண்டி, என்றே கிதாபுகளில் எழுதுகிறார்கள், அடையாளத்துக்காக. அந்தப் பெயர் உடையவருக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதே அளவுகோல். அதைத் தீர்மானிக்கவேண்டியவர் அழைக்கப்படுகிறவரேயன்றி அழைக்கிறவரல்லர். "அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்" என்று அவருக்காக நாம் சாட்சி சொல்லலாகாது.

இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் நம் கடை வாசலிலேயே இருக்கிறது. "மாமாக்" என்று நம்மை அழைக்கிறார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? நம் வீட்டு மாமா. அதோடு, நாம் வாழும் இந்த நெகிரியின் மினாங்கபாவ் வழியினர் பேச்சிலும் மாமாக் என்றால் தாய்மாமன். அவர்களுடைய அதாத்தில் வணங்கத்தக்க உறவு. அப்படிப்பட்ட சொல் ஒருவர் வாயில் மரியாதையாகவும், இன்னொருவர் வாயில் ஏளனமாகவும் ஒலிப்பதை நாம் கேட்கிறோம். எழுத்து ஒன்றே, தொனி வேறு. "கெலிங்" என்ற சொல்லும் அப்படித்தான். 1801-இல் ஸ்தாபிக்கப்பட்ட பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. நம் முன்னோர் வெட்கப்படாமல் ஏற்ற பெயர். கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். இன்று அதைத் தெருவில் எறிந்தால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும், நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறோம். செம்பனைத் தோட்டத்திலிருந்து ஜும்ஆவுக்கு வந்து கடைசி ஸஃப்பில் நிற்கும் பங்களாதேஷ் சகோதரனை நாம் எப்படி அழைக்கிறோம்? நம் கடையில் அவன் சாமான் எடுக்கும்போது அவன் பெயரைக் கேட்டதுண்டா? "ஏய் பங்களா" என்பதிலே என்ன தொனி இருக்கிறது?

அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரை அவருடைய தாயின் நிறத்தைச் சொல்லி ஏசிவிட்டார்கள். அந்த மனிதர் பிலால் (ரலி) என்று சில அறிவிப்புகளில் வருகிறது. ஜாஹிலிய்யத்தின் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்து, உங்களிடம் வேலை செய்கிறவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் கொடுங்கள், உடுப்பதை உடுத்தக் கொடுங்கள் என்ற கருத்தில் உபதேசித்தார்கள். அபூதர் யார்? ஆரம்பத்திலேயே இஸ்லாத்தில் சேர்ந்த பெரியவர். மூத்தவர் என்பதற்காக அவருக்குச் சலுகை கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவரும் அவருடைய பணியாளும் ஒரே மாதிரி உடை அணிந்திருந்ததைக் கண்டு ஒருவர் காரணம் கேட்டபோது, அவரே இந்தச் சம்பவத்தைச் சொன்னார். கண்டித்த சொல் அவரை அவமானப்படுத்தவில்லை, திருத்தியது.

நிற்க. வியாபாரிகளின் சபையில் மற்றச் சபைகளில் இல்லாத ஓர் ஆபத்து உண்டு. ஒருவர் கணக்கு இன்னொருவர் பெட்டியில் இருக்கும். முன்காலத்தில் தோட்டத்துச் சம்பள நாளன்று கடன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் காத்து நின்ற கடைக்காரர்கள் இருந்தார்கள். அதிலும் இரண்டு வகை. ஒருவர் ஆளைத் தனியே அழைத்து, இந்த மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்பார். மற்றவர் பெண்சாதி பிள்ளைகள் முன்னிலையில் தொகையைக் கூவுவார். முதலாமவர் கடனும் வசூலானது, வாடிக்கையும் நின்றது. மற்றவரிடம் கடன் தீர்ந்த அன்றே ஆள் கடை மாறினான். கஷ்டப்படுகிற கடனாளிக்குத் தவணை கொடுக்கும்படி திருக்குர்ஆனில் கட்டளை இருக்க, நாம் அவனுடைய மானத்தையும் சேர்த்து ஜப்தி செய்ய யார்?

இது சங்கக் கூட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. பெயரும் ஊரும் வேண்டாம். ஒரு கூட்டத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து, கட்டட நிதிக்கு ரசீது எங்கே என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி. பதில் என்ன வந்தது? "நானா, முதலில் உங்கள் அரிசிப் பாக்கியைக் கட்டுங்கள், பிறகு கணக்குக் கேட்கலாம்." சபை சிரித்தது. பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். ரசீது என்னவாயிற்று என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை. பார்த்தீர்களா? அவமதிப்பு ஒருவரை மட்டும் அடிப்பதில்லை, கேள்வியையும் சேர்த்து அடித்துவிடுகிறது. ஒருவருடைய கடையில் அறிந்ததைச் சபையில் பேசக்கூடாது என்பதை நமது ஒழுங்குமுறையின் முதல் விதியாக வைக்கவேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். புறம் பேசுவதை இறந்துபோன சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பிட்டது ஹுஜுராத் ஸூரா. முன்னாலேயே வைத்துப் பேசினால் அது உயிரோடு தின்பது போலாகும் என்பது நமது சொந்த அபிப்பிராயம், ஆலிம்சாக்கள் மன்னிக்க.

இனி இரண்டாம் சாரார், பிள்ளைகளின் வாயை அடைக்கச் சட்டம் கேட்கிறவர்கள். அவர்களுக்குத் தோட்டத்துச் சரித்திரம் ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. சம்பளம் உயரவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின; தலைவர் ஆர்.ஹெச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சம்பளத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கேட்டார்களே, ஏன்? இறங்கி நின்ற ஆயிரம் பேரில் ஒருவருடைய மனத்திலும் துரைமேல் மரியாதை இருந்ததில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கவேண்டிய மரியாதை பயமேயன்றி அதபு ஆகாது. பெரியவர்களைக் கேள்வி கேட்காதே என்று நாம் ஒரு விதி எழுதினால் அது அந்தச் சைக்கிள் சட்டம்தான். நம் பிள்ளைகள் இறங்கமாட்டார்கள். வேறு பாதையாகப் போய்விடுவார்கள்.

உமர் (ரலி) அவர்களுடைய ஆலோசனைச் சபையில் பத்ரு யுத்தத்தில் கலந்துகொண்ட பெரியவர்களோடு இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். எங்களுக்கும் இவர் வயதில் பிள்ளைகள் உண்டே, இவரை மட்டும் ஏன் சேர்த்தீர்கள் என்று பெரியவர்கள் முறையிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் அதட்டவில்லை. ஒருநாள் அனைவரையும் கூட்டி, நஸ்ர் ஸூராவின் கருத்து என்ன என்று கேட்டார்கள். பெரியவர்கள் மேலோட்டமாகச் சொன்னார்கள்; சிலர் மௌனமாயிருந்தார்கள். அது நாயகம் (ஸல்) அவர்களுடைய இறுதிக்காலம் நெருங்கியதை அறிவிப்பது என்று இப்னு அப்பாஸ் சொன்னார். நான் அறிந்ததும் அதுவே என்றார்கள் உமர் (ரலி). நம் பிள்ளைகளில் கணக்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள், சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வி கேட்கட்டும். "மாமு, இந்தத் தொகை எனக்கு விளங்கவில்லை" என்று கேட்கட்டும். "திருட்டுக் கணக்கு" என்று சொல்லாதிருக்கட்டும். விதி அவ்வளவுதான். அதே விதி தலைவருக்கும் பொருந்தவேண்டும். அபூபக்கர் (ரலி) அவர்கள் கலீபாவானவுடன் சபையில் முதலில் சொன்னது, நான் கோணினால் என்னை நேராக்குங்கள் என்ற கருத்துத்தானே!

விதி எழுதுவது எளிது. மீறினவரை என்ன செய்வது என்பதில்தான் சங்கங்கள் உடைகின்றன. கண்டிப்பதற்காக எழுந்தவர் முதல் குற்றவாளியைவிட மோசமாக ஏசிவிட்டு உட்காருவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! பள்ளிவாசலுக்குள் ஒரு கிராமத்து அரபி சிறுநீர் கழிக்கத் தொடங்கியபோது ஸஹாபாக்கள் அவர் மீது பாய எழுந்தார்கள். அவரை இடைமறிக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, முடிந்தபின் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அவரிடம் பள்ளிவாசல் எதற்கான இடம் என்பதை மெதுவாக விளக்கினார்கள். அறியாமல் செய்தவருக்கு அவ்வளவே. ஆனால் அறிந்தே செய்தவருக்குத் தண்டனை உண்டு. அதிலும் ஓர் எல்லை உண்டு. அப்துல்லாஹ் என்பவர் மது அருந்தியதற்காகப் பலமுறை கொண்டுவரப்பட்டார். தண்டனையும் நிறைவேறியது. சபையில் ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்காதீர், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய ரஸூலையும் நேசிக்கிறவர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனையைக் குறைக்கவுமில்லை, மனிதரைக் குறைக்கவுமில்லை.

கூட்டத்தை விட்டு ஒதுக்கி வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தபூக் யுத்தத்துக்குப் போகாமல் பின்தங்கிய மூவரின் விஷயம் இதற்குப் பதில். கஅபு இப்னு மாலிக் (ரலி) முதலான மூவர். பொய்ச் சாக்குச் சொன்ன பலருடைய சாக்கு ஏற்கப்பட்டது. உண்மையை ஒப்புக்கொண்ட இந்த மூவரோடு பேசவேண்டாம் என்று உத்தரவாயிற்று. ஐம்பது நாள். கடைவீதியில் நடந்தால் ஒருவரும் பேசமாட்டார்கள். சிறிய தகப்பனார் மகனுக்கு ஸலாம் சொன்னால் பதில் வராது. அந்தச் சமயம் பார்த்து கஸ்ஸான் அரசனிடமிருந்து கஅபுக்குக் கடிதம் வந்தது: உம்மை உங்கள் தலைவர் வெறுத்துவிட்டார், எம்மிடம் வாரும் என்று. அவர் அதை அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். நம் சகோதரர்கள் இதிலே யோசிக்க வேண்டும். நாம் ஒருவரை ஒதுக்கினால் மறுநாளே அவருக்கு எங்கிருந்தோ ஒரு கடிதம் வரும். எல்லாரும் கஅபு அல்லர். ஐம்பதாம் நாள் பஜ்ருக்குப் பின் மன்னிப்பு வந்தபோது, ஒருவர் மலைமேல் ஏறிக் கூவினார். ஒருவர் குதிரையில் விரைந்தார். பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் தல்ஹா (ரலி) எழுந்து ஓடிவந்து கைகொடுத்ததை கஅபு கடைசிவரை மறக்கவில்லை. அந்த ஒதுக்கலுக்கு ஒரு காரணம் இருந்தது, எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அது முடிந்தது, முடிந்தபின் ஓடிவந்து கைகொடுக்க ஆளிருந்தது. சொந்த மனஸ்தாபத்துக்காகச் சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாதிருக்க மார்க்கத்தில் இடமில்லை என்பதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும். நம்மில் மூன்று வருஷம் பேசாதிருப்பவர்கள் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள்.

இந்த மாநிலத்திலேயே நமக்குப் பக்கத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதாத் பெர்ப்பாத்தே என்ற வழக்கத்தில் குடும்பக் கிளைக்கு புவாப்பா, சுக்குவுக்கு லெம்பாகா, லுவாக்குக்கு உண்டாங் என்று தலைவர்கள் படிப்படியாக இருக்கிறார்கள். ஒரு தகராறு கீழ்ப்படியிலேயே தீரவேண்டும். தீராவிட்டால்தான் மேலே போகும். முடிவு முவாபக்கத்தால், அதாவது எல்லாரும் இணங்கி, வரவேண்டும். பழிக்குப் பழி என்பதைவிட இழப்பை ஈடுசெய்து மறுபடி ஒன்றாய் இருக்கச் செய்வதே அந்த வழக்கத்தின் போக்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். முவாபக்கத் என்பது நமது அரபுச் சொல்தானே! 1969 மே 13 கலவரத்துக்குப் பின் 1970 ஆகஸ்டு 31-இல் அரசாங்கம் வெளியிட்ட ருக்குன் நெகாராவில் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதை ஒப்பிக்கிறார்கள். தகப்பன்மார் சபையில் அதை நடத்திக் காட்டவேண்டாமா?

ஆகவே நாம் நிர்வாக சபைக்குச் சொல்லும் யோசனை இது. விதிகள் கொஞ்சமாக இருக்கட்டும்; ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது. கடை விஷயம், வீட்டு விஷயம், ஊர், குலம், உடற்குறை ஆகியவற்றைச் சபையில் எடுக்கலாகாது. ஆளைப்பற்றியன்றிக் காரியத்தைப்பற்றியே பேசவேண்டும். மீறினவரைத் தலைவர் முதலில், "காக்கா, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கட்டும். எடுத்துக்கொண்டால் அதோடு தீர்ந்தது. குறிப்புப் புத்தகத்திலும் ஏறவேண்டாம். மறுத்தால் அன்றைய கூட்டத்தில் அவருக்குப் பேச்சு இல்லை. அன்றிரவோ மறுநாளோ இருவர் அவர் வீட்டுக்குப் போகவேண்டும்; ஒருவர் அவருக்கு வேண்டியவராயிருக்கவேண்டும். மீண்டும் மீண்டும் செய்கிறவரை மட்டும் இத்தனை கூட்டம் என்று கணக்குச் சொல்லி நிறுத்தி வைக்கலாம். கணக்கில்லாத தண்டனை வேண்டவே வேண்டாம். தவணை முடிந்த கூட்டத்துக்குத் தலைவரே போய் அவரை அழைத்து வரவேண்டும். தலைவரே மீறினால்? உபதலைவர் எழுந்து அதே வார்த்தையை அதே மரியாதையோடு அவரிடம் சொல்லவேண்டும். இந்த ஒரு வாசகம் ஏட்டில் ஏறாவிட்டால் மற்றதெல்லாம் ஏட்டில் ஏறியும் பயனில்லை. ஏசப்பட்டவர் பக்கமும் மறக்கக்கூடாது: சபையில் நேர்ந்த அவமானத்துக்குச் சபையிலேயே வருத்தம் சொல்லப்படவேண்டும், கொல்லைப்புறத்தில் அல்ல.

விதியைச் சண்டைக்கு முன்பே எழுதவேண்டும். 1972-ஆம் ஆண்டின் நிறுவை, அளவைச் சட்டப்படி நம் தராசுகளுக்கு முத்திரை குத்திக்கொள்கிறோம். வாடிக்கைக்காரர் எடை குறைகிறது என்று கூச்சல் போட்ட பிறகு முத்திரை தேடி ஓடினால் யார் நம்புவார்? ஒருவரைக் குறிவைத்து அவசரமாக எழுதிய விதியும் அப்படித்தான். இப்போது பெரிய சண்டை ஒன்றுமில்லை. எழுத இதுவே தருணம்.

ஒரு சிறு விவரம். 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற சங்கம் தன் சட்டதிட்டங்களைப் பதிவதிகாரியின் ஒப்புதலில்லாமல் திருத்த முடியாது. ஆகவே கூட்டத்தில் பேச்சு நடத்தும் முறையை முதலில் தீர்மானமாக நிறைவேற்றி ஓராண்டு நடத்திப் பார்ப்போம். உறுப்பினரை நிறுத்தி வைக்கும் அதிகாரம் போன்றவற்றைத் திருத்தமாக எழுதி முறைப்படி அனுப்புவோம். இதைக் காரியதரிசி அவர்கள் கவனிப்பார்கள்.

கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வராமல் நின்றுபோன சகோதரர்களின் பட்டியலை எடுத்து, வீட்டுக்கு இருவராகப் பிரித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடவேண்டும். அவர்கள் வாயாலும் விதிக்கு யோசனை கேட்கவேண்டும். நகல் தயாரானதும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் மலாயிலும் ஒட்டப்படும். பங்களாதேஷ் சகோதரர்களுக்கு வாசித்துச் சொல்ல அவர்களிலேயே ஒருவரை ஏற்பாடு செய்யும்படி கேட்டிருக்கிறோம். சேர்க்கவேண்டியதும் நீக்கவேண்டியதும் இருந்தால் எழுதிக் காரியதரிசியிடம் கொடுங்கள். எழுத வராதவர்கள் அஸருக்குப் பிறகு நம் கடைக்கு வந்து சொன்னால் நாம் எழுதிக்கொள்கிறோம்.